அந்நிய வீட்டில் ஓராண்டு

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் – இளைஞர் மாலைக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் நம்மைப் பேச அழைத்தபோது, "இளைஞர் முன்னேற்றம் என்று ஏதாவது பேசுங்கள் சாமி" எனப் பொதுப்படையாகக் கேட்டுக்கொண்டனர். முன்னேற்றம் என்பது கடல் போன்ற பொருள். அதில் எந்தத் துறையில் இறங்குவது என்று நாம் யோசித்துக்கொண்டிருந்த நாளில், நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாயும் தந்தையும் மாலை வேளையில் பங்கு இல்லத்திற்கு வந்தனர். (அவர்கள் யார் என்று அருள்கூர்ந்து பின்னால் திரும்பித் தேட வேண்டாம்!)

அவர்கள் கையில் ஒரு விண்ணப்பப் படிவம் இருந்தது. பதினாறு வயது நிரம்பிய அவர்கள் மகள், அமெரிக்காவில் ஒரு குடும்பத்தின் விருந்தினராகத் தங்கி, அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் ஓராண்டு படித்து வர ஆசைப்படுகிறாள். மாணவர் பரிமாற்றத் திட்டம் என்று அதற்குப் பெயர். தந்தை நேரடியாகவே கேட்டார்: "இதனால என்ன லாபம் சாமி? பட்டமும் கிடையாது, வேலையும் கிடையாது. ஒரு வருஷப் படிப்புதான் வீண்." தாய் ஒன்றும் பேசவில்லை. புறப்படும்போது வாசற்படியில் நின்று, தாழ்ந்த குரலில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "போற பிள்ளை நம்ம பிள்ளையாவே திரும்பி வருமா சாமி?"

தந்தையின் கேள்விக்கு அப்போதே ஏதோ பதில் சொன்னோம். தாயின் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. "யோசித்துச் சொல்கிறோம் அம்மா" என்று அனுப்பிவிட்டோம். அதன் பிறகு இது பற்றிச் சில நூல்களைப் படித்தோம். போய் வந்தவர்களிடம் விசாரித்தோம். இன்றைய உரை அந்தத் தாய்க்கு நாம் கடன்பட்டிருந்த பதில். அவருக்குச் சொல்வது உங்கள் எல்லோருக்கும் பயன்படும் என்று நம்புகிறோம்.

முதலில் இத்திட்டம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்வோம். வெளிநாட்டில் வேலைக்குப் போவது வேறு, கல்லூரிப் பட்டத்திற்குப் போவது வேறு, சுற்றுலா போவது வேறு. இது இம்மூன்றும் அன்று. அமெரிக்க அரசின் விதிப்படி, பரிமாற்றத் திட்டத்தில் வரும் மாணவர் 15 வயது முதல் பதினெட்டரை வயதுக்குள் இருக்க வேண்டும். ஒரு குடும்பத்தோடு, அவர்கள் வீட்டுப் பிள்ளைபோல் வாழ வேண்டும். அக்குடும்பம் மாணவரின் உறவினராக இருக்கக் கூடாது. பிள்ளையை ஏற்பதற்காக அவர்களுக்குச் சம்பளம் தரப்படுவதில்லை. அவ்வீட்டிலுள்ள பெரியவர்கள் மீது குற்ற வழக்கு ஏதும் உண்டா என்று முன்கூட்டியே விசாரிக்கப்படுகிறது. அருகில் வாழும் பொறுப்பாளர் ஒருவர் மாதந்தோறும் மாணவரோடு தொடர்புகொண்டு நலம் விசாரிக்க வேண்டும்.

இவற்றுள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முன்பின் அறியாத ஒரு குடும்பம், கூலி எதுவும் பெறாமல், ஊர் பேர் தெரியாத ஒரு பிள்ளைக்குத் தன் வீட்டில் ஓர் அறையும், உணவு மேசையில் ஓர் இடமும் தருகிறது. இத்திட்டத்தின் உயிர் அதுவே. மற்றவையெல்லாம் அதைச் சுற்றி வந்தவை.

இந்தப் பழக்கம் எங்கே பிறந்தது தெரியுமா? பள்ளிக்கூடத்தில் அன்று, போர்க்களத்தில். 1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. 1915-இல் ஏ. பியட் ஆன்ட்ரூ என்னும் அமெரிக்கர், ஒரு காலத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் போதித்தவர், பிரான்சில் ஒரு தொண்டர் படையை அமைத்தார். 'அமெரிக்கன் ஃபீல்டு சர்வீஸ்' என்று அதற்குப் பெயர். அதில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். சிறிய ஃபோர்டு வண்டிகளை ஆம்புலன்சுகளாக மாற்றி, குண்டு விழும் பாதைகளில் ஓட்டிச் சென்று, காயமுற்ற பிரெஞ்சு வீரர்களை மருத்துவமனை சேர்ப்பது அவர்கள் வேலை. முதல் உலகப் போரில் சுமார் 2,500 பேர் இப்பணியில் ஈடுபட்டனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரையே கொடுத்தனர். இரண்டாம் உலகப் போரிலும் அத்தொண்டு தொடர்ந்தது.

காயம்பட்டவனைத் தூக்கும் கை, அவன் எந்த மொழி பேசுகிறான் என்று கேட்பதில்லை. இதை அனுபவத்தில் கற்ற அந்த ஓட்டுநர்கள், போர் முடிந்ததும் 1946-இல் நியூயார்க்கில் கூடினர். "அடிபட்டபின் தூக்குவது இருக்கட்டும், அடித்துக்கொள்ளாமல் இருக்க என்ன வழி?" என்பதே அவர்கள் முன்னிருந்த வினா. ஸ்டீபன் கலாட்டி என்பவரின் தலைமையில் அவர்கள் கண்ட வழி எளிமையானது. ஒரு நாட்டுப் பிள்ளை இன்னொரு நாட்டு வீட்டில் ஓராண்டு உண்டு உறங்கி வளரட்டும் என்றனர். 1947-இல் பத்து நாடுகளிலிருந்து 52 மாணவர்கள் அமெரிக்கப் பள்ளிகளுக்கு வந்தனர்.

1951-இல் நடந்தது இதைவிட மேலானது. மிச்சிகன் மாநிலத்தில், திருச்சபைகள் மன்றம் ஒன்றில் பணியாற்றிய ரேச்சல் ஆன்ட்ரேசன் என்னும் அம்மையார், போரில் சிதைந்துபோன ஜெர்மனியிலிருந்து பதின்வயதுப் பிள்ளைகளை வரவழைத்து, அமெரிக்கக் குடும்பங்களில் ஓராண்டு தங்க வைத்தார். எண்ணிப் பாருங்கள். போர் முடிந்து ஆறே ஆண்டுகள். நேற்றுவரை பகைவர் நாடு. அந்நாட்டுப் பிள்ளை காலையில் எழுந்து வந்து நம் அடுக்களையில் உட்கார்ந்து பால் கேட்கிறது. பால் ஊற்றிக் கொடுக்கும் தாயின் மனத்தில் அப்போது என்ன ஓடியிருக்கும்? இந்த ஓராண்டினால் வளர்ச்சி பெறுவது போகும் பிள்ளை மட்டுமன்று, ஏற்கும் வீடும் சேர்ந்தே என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. இன்று உலகெங்கும் ரோட்டரி சங்கம் முதலிய பல அமைப்புகள் இப்பணியைச் செய்து வருகின்றன.

சரி, போகும் பிள்ளைக்கு என்ன நேர்கிறது?

கலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியல் அறிஞர் 1954-இல் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரில் ஆற்றிய ஓர் உரையில், அந்நிய நாட்டில் வாழப் போவோரின் மனநிலையைப் படிப்படியாக விளக்கினார். முதற்படி தேனிலவு. எல்லாம் புதுமை, எல்லாம் வியப்பு. இரண்டாம் படி நெருக்கடி. புதுமை தீர்ந்து எரிச்சலும் ஏக்கமும் தலைதூக்கும். மூன்றாம் படியில் மெல்ல மெல்லத் தேறுவர். நான்காம் படியில் அவ்வாழ்க்கை பழகிப்போய்விடும். அடுத்த ஆண்டே, 1955-இல், நார்வே நாட்டு அறிஞர் லீஸ்கார்டு, அமெரிக்கா சென்று திரும்பிய தம் நாட்டவரை ஆராய்ந்து, இந்த ஏற்ற இறக்கத்தைக் கிணற்றில் இறங்கி ஏறுவது போன்ற ஒரு வளைகோடாக வரைந்து காட்டினார். எல்லோருக்கும் இதே ஒழுங்கில் நடக்கும் என்பதில்லை. ஆனால் போய் வந்தவர்கள் பலரும், "ஆம், அந்தக் கிணற்றில் நாமும் இறங்கினோம்" என்றுதான் சொல்கின்றனர்.

நாம் முன்பு பணியாற்றிய ஒரு பங்கில் ஓர் ஆசிரியர் இருந்தார். 1996-ஆம் ஆண்டில், பதினேழு வயதுப் பையனாக, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திற்குப் பரிமாற்ற மாணவராகச் சென்று வந்தவர். அவர் நம்மிடம் சொன்னவற்றை இங்கே சொல்ல அவரிடம் அனுமதி பெற்றிருக்கிறோம்.

முதல் நாள் இரவு, வீட்டுக்கார அம்மாள், "இன்னும் கொஞ்சம் சாப்பிடுகிறாயா?" என்று கேட்டார். பையன் மரியாதைக்கு "வேண்டாம்" என்றான். நம் வீடுகளில் விருந்தாளி ஒரு தடவை வேண்டாம் என்பான், நாம் விடமாட்டோம், "இன்னும் ஒரு தோசை" என்று இலையில் போட்டுவிட்டுத்தான் மறுவேலை. அங்கே அந்த அம்மாள், "சரி" என்று பாத்திரத்தை மூடி உள்ளே வைத்துவிட்டார். பையன் அன்றிரவு அரை வயிற்றோடு படுத்தான். "இவர்களுக்கு அன்பே இல்லை" என்று நினைத்து அழுதானாம். அன்பு இல்லாமல் அன்று. நீ 'வேண்டாம்' என்றால் அதை அப்படியே நம்புவதுதான் அவர்கள் உனக்குக் காட்டும் மரியாதை. இதைப் புரிந்துகொள்ள அவனுக்கு இரண்டு வாரம் ஆயிற்று. எதிர்ப்புறமும் ஒரு மனத்தாங்கல் இருந்தது. அந்த அம்மாள் அவன் துணியைத் துவைத்துத் தருவார், பள்ளிக்கு வண்டியில் கொண்டுபோய் விடுவார். பையன் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. பெற்ற தாய்க்கு யார் நன்றி சொல்கிறார்கள்? தாயாக நினைத்ததால்தான் சொல்லவில்லை. அவரோ, "இந்தப் பிள்ளைக்கு நம் வீடு பிடிக்கவில்லை போலும்" என்று வருந்திக்கொண்டிருந்தார்.

பாருங்கள்! இரண்டு பக்கமும் அன்பு. இரண்டு பக்கமும் காயம். யார் மீதும் குற்றமில்லை. 'நம் வழக்கம்தான் மனித வழக்கம்' என்று எண்ணிக்கொண்டிருந்த பையன், 'இது நம் வழக்கம், அது அவர்கள் வழக்கம்' என்று பிரித்துப் பார்க்கக் கற்றான். ஆயிரம் பக்கம் படித்தாலும் வராத அந்த அறிவு, அரை வயிற்றோடு படுத்த ஓர் இரவிலிருந்து தொடங்கிற்று.

பள்ளியிலும் அப்படியே. இங்கே ஒரே வகுப்பறை; ஆசிரியர் மாறி மாறி வருவார். அங்கே ஆசிரியர் தம் அறையிலேயே இருக்க, ஒவ்வொரு பாடவேளைக்கும் மாணவர்கள்தான் அறை மாற வேண்டும். மணி அடித்தவுடன் நூற்றுக்கணக்கானோர் நடைவழியில் மோதிக்கொண்டு ஓடுவார்கள். மதிய உணவு வேளைதான் எல்லாவற்றிலும் கொடியது என்றார் அவர். தட்டை ஏந்திக்கொண்டு பெரிய கூடத்தின் நடுவே நின்று, 'எந்த மேசையில் போய் உட்காருவது?' என்று பார்க்கும் அந்த அரை நிமிடம்! இங்கே அவர் வகுப்புத் தலைவன். பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவர். இன்னார் பேரன் என்று ஊரே அறியும். அங்கே அவர் யாருமில்லை. ஆங்கிலம் தெரியும், ஆனால் சிரிப்புக்குச் சொல்லும் ஒரு சொல் தெரியாது. எல்லோரும் சிரிக்கும்போது ஒரு கணம் தாமதித்துச் சிரிக்க வேண்டும். நவம்பர் கழிந்து குளிர் இறுகிற்று. மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டு. கிணற்றின் அடியில் அவர் நின்ற காலம் அது.

நாமும் பதின்மூன்று வயதில் ஒரு தகரப் பெட்டியோடு இளங்குருமடத்தில் போய் இறங்கியவர்கள்தாம். முதல் இரவில் போர்வைக்குள் அழுதது இன்னும் நினைவில் இருக்கிறது. ஆனால் நாம் அழுதது தமிழில். பக்கத்துப் பாயில் படுத்திருந்தவனும் தமிழில்தான் அழுதான். அந்த ஆறுதல்கூட இல்லாத அழுகை இவருடையது.

எப்படி மேலே ஏறினீர் என்று கேட்டோம். "கேட்டு வாங்கக் கற்றுக்கொண்டேன் சாமி" என்றார். அவர் தங்கியிருந்த வீட்டுக்காரர் பால் பண்ணை வைத்திருந்தார். ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அவரோடு கொட்டகைக்குப் போய், "எனக்கு ஒன்றும் தெரியாது. சொல்லிக் கொடுங்கள்" என்றானாம் பையன். அந்த மனிதர் அதிகம் பேசாதவர். ஒரு வாளியைக் கையில் கொடுத்தார். அன்றுமுதல் அந்த வீட்டில் அவனுக்கு ஒரு வேலை இருந்தது. வேலை இருந்ததால் ஓர் இடமும் இருந்தது. பள்ளியிலும் அதே வழியைக் கையாண்டான். தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பையனிடம் போய், "இங்கே உட்காரலாமா?" என்று கேட்டான். அவ்வளவுதான்.

'தனித்து நிற்கும் திறமை' வளர்வதற்காகத்தான் பிள்ளைகளை வெளிநாடு அனுப்புவது என்று பலர் எண்ணுகின்றனர். நமது தாழ்மையான கருத்து வேறு. யாரையும் எதிர்பாராதிருக்கும் திறமையை அந்த ஓராண்டு கற்பிப்பதில்லை. எனக்குத் தெரியாது, எனக்கு உதவுங்கள் என்று வெட்கப்படாமல் கேட்கும் திறமையைத்தான் கற்பிக்கிறது. ஒரு முறை முழுவதும் சிறியவனாகி மீண்டும் வளர்ந்தவனே, பிறகு தன்னிலும் சிறியவனைக் கண்டால் அடையாளம் கண்டுகொள்கிறான்.

இதை ஆராய்ச்சியும் ஓரளவு காட்டுகிறது. பரிமாற்றத் திட்டத்தில் வெளிநாடு சென்ற ஜெர்மன் பள்ளி மாணவர்களையும், போகாமல் ஊரிலேயே படித்தவர்களையும் ஒப்பிட்டு, அந்நாட்டு உளவியல் அறிஞர்கள் 2015-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். போனவர்களின் தன்மதிப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாக உயர்ந்திருந்தது. அதைவிடக் கவனிக்க வேண்டியது, சென்ற இடத்தில் 'நாமும் இவர்களில் ஒருவர்' என்று உணர்வதற்கும் அந்த உயர்வுக்கும் தொடர்பு இருந்தது. விமானம் ஏறுவதால் வளர்ச்சி வந்துவிடுவதில்லை. யாரோ நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுப்பதால் வருகிறது.

பெயர் பெற்றோர் சிலரையும் சொல்வோம். கிறிஸ்டீன் லகார்டு என்னும் பிரெஞ்சுப் பெண்மணி, தந்தையை இளம் வயதில் இழந்தவர். பள்ளி இறுதித் தேர்வு முடித்து, 1973-இல் நாம் மேலே சொன்ன ஆம்புலன்ஸ் படையின் வழிவந்த அமைப்பின் உதவித்தொகையில் அமெரிக்கா சென்று, மேரிலாந்து மாநிலத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் ஓராண்டு படித்தார். அவ்வாண்டில் வாஷிங்டனில் ஒரு காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்தில், பிரெஞ்சு பேசும் வாக்காளர்களின் கடிதங்களுக்குப் பதில் எழுத உதவினார். 2011 முதல் 2019 வரை அனைத்துலக நாணய நிதியத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்து, 2019-இல் ஐரோப்பிய மத்திய வங்கியின் தலைவரானார். வொல்ஃப்காங் இஷிங்கர் என்ற ஜெர்மானியர் இல்லினாய் மாநிலத்தில் வாட்செகா என்ற சிற்றூரில் பரிமாற்ற மாணவராக இருந்தவர். 2001 முதல் 2006 வரை அதே அமெரிக்காவில் தம் நாட்டின் தூதராகப் பணியாற்றினார்.

ஆனால் எம் அருமைப் பெற்றோர்களே, போய் வருவோர் எல்லாம் தூதராவதில்லை. நம் ஆசிரியர் தூதராகவில்லை. ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்குப் போதிக்கிறார். வேற்று மாநிலத்துத் தொழிலாளியின் பிள்ளை ஒன்று தமிழ் தெரியாமல் அவர் பள்ளியில் வந்து சேர்ந்தபோது, மதிய உணவு வேளையில் அது எங்கே உட்காருகிறது என்று முதலில் பார்த்தவர் அவர். தந்தை கேட்ட லாபக் கணக்கில் இதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று நமக்குத் தெரியவில்லை. லாபம் என்பதில் மட்டும் ஐயமில்லை.

இனிப்பை மட்டும் சொல்லிக் கசப்பை மறைப்பது நியாயமன்று. செலவு உண்டு, அதுவும் கணிசமாக உண்டு. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, 2002-இல் அமெரிக்க அரசு தொடங்கிய ஓர் உதவித்தொகைத் திட்டத்தில் நம் நாட்டுப் பிள்ளைகளும் செலவின்றிச் சென்று வந்திருக்கின்றனர். ஆர்வமுள்ளோர் இப்போதைய நிலையை நேரில் விசாரித்து அறியுங்கள். இடைத்தரகர் வார்த்தையை நம்பிப் பணம் கட்டாதீர்கள். படிப்பில் ஓராண்டு பின்தங்கவும் நேரலாம். இங்குள்ள பள்ளியோடு முன்கூட்டியே பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எல்லா வீடும் நல்ல வீடாக அமையும் என்ற உறுதியும் இல்லை. ஒத்துவராவிட்டால் வீடு மாற்றிக் கேட்கலாம். தகாத பேச்சோ தகாத செயலோ நேர்ந்தால், யாராக இருந்தாலும், உடனே பொறுப்பாளரிடமும் பெற்றோரிடமும் சொல்ல வேண்டும். 'சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்' என்ற பயம் பிள்ளைக்கு இருக்கக் கூடாது. "பாதியில் வந்தாலும் இது உன் வீடு" என்று புறப்படும் முன்பே சொல்லி அனுப்புங்கள். பாதியில் திரும்பும் பிள்ளை தோற்ற பிள்ளை அன்று.

இன்னொன்று, தாய்மார்களுக்கு. அன்று நம் ஆசிரியரின் கடிதம் ஊர் வந்து சேர இரண்டு வாரம் ஆகும். இன்றோ கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசலாம். அது பெரிய வரம். ஆனால் ஓர் ஆபத்தும் கூட. இரவுதோறும் இரண்டு மணி நேரம் அம்மாவோடு பேசும் பிள்ளை, உடலால் அங்கேயும் மனத்தால் இங்கேயும் வாழும். எந்த வீட்டிலும் முழுமையாக இராது. வாரம் ஒரு முறை ஆர அமரப் பேசுங்கள். அவசரமென்றால் எந்நேரமும் பேசுங்கள். மற்ற நேரத்தில் அங்கே உணவு மேசையில் உட்கார்ந்து பேச விடுங்கள்.

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். நம்ம பிள்ளையாகவே திரும்பி வருமா?

1963-இல் கல்லஹார்ன் என்ற கணவன் மனைவியர் இருவர், லீஸ்கார்டின் வளைகோட்டிற்கு ஒரு பிற்சேர்க்கை எழுதினர். வெளிநாட்டில் ஒரு கிணறு போதாதென்று, ஊர் திரும்பியபின் இன்னொரு கிணறு இருக்கிறது என்றனர். நம் ஆசிரியர் இதற்கும் சாட்சி. அவர் திரும்பி வந்த அன்று வீடு நிறைய உறவினர். "பனி பார்த்தியா? என்ன சாப்பிட்ட?" என்று கேட்டார்கள். பதில் சொல்லி முடிப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. கொண்டுவந்த சாக்லெட் அரை மணியில் தீர்ந்தது. அவரது ஓராண்டும் அதோடு தீர்ந்தது. சாப்பிட்டு எழுந்தவர், ஓராண்டுப் பழக்கத்தால், தம் தட்டைத் தாமே எடுத்துப்போய்க் கழுவத் தொடங்கினார். பாட்டி ஓடி வந்து தட்டைப் பிடுங்கினார். "ஆம்பிளைப் பிள்ளை எச்சித் தட்டு கழுவுறதா? அந்த ஊர்ல என் பேரனை வேலைக்காரனாவா வச்சிருந்தாங்க?" என்று சொல்லி அழுதே விட்டார்.

பாட்டியின் அழுகையும் அன்புதான். ஆனால் பையன் அன்று விஸ்கான்சினில் அழுததைவிட அதிகமாக அழுதானாம். அங்கே அந்நியனாக இருந்தது அவனுக்கு எதிர்பார்த்த ஒன்று. சொந்த அடுக்களையில் அந்நியனாவான் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. அவனைக் காப்பாற்றியது அவன் தாய். ஒன்றும் பேசாமல் பக்கத்தில் வந்து நின்று, இன்னொரு தட்டை எடுத்துக் கொடுத்தார். "அவுங்க வீட்டு அம்மா எப்படி இருப்பாங்க? சொல்லுப்பா" என்றார். இரவு வெகுநேரம் இருவரும் பேசிக்கொண்டிருந்தனர். ஊர் திரும்பிய அவனிடம் முழுக் கதையையும் கேட்ட முதல் ஆள் அவர்தான். "அன்னைக்குத்தான் சாமி நான் உண்மையிலேயே ஊருக்குத் திரும்பி வந்தேன்" என்றார் ஆசிரியர்.

ஆகவே, அம்மா, உங்களுக்கு நமது பதில் இது. போன பிள்ளை அப்படியே திரும்பி வராது. அப்படியே திரும்பி வந்தால், தந்தை சொன்னதுபோல் அந்த ஓராண்டு வீண்தான். உங்களைவிட ஒரு வீடு அதிகமாக உடைய பிள்ளை திரும்பி வரும். அது நன்றி சொல்லும், சிரிக்காதீர்கள். தட்டைக் கழுவும், பிடுங்காதீர்கள். நீங்கள் கேள்வி என்றே எண்ணாத ஒன்றைக் கேள்வி கேட்கும்; திமிர் என்று எண்ணாதீர்கள். அது நம் பிள்ளையாகத் திரும்புமா என்பதில் பாதி அதன் கையில் இருக்கிறது. மறுபாதி, நாம் உட்கார்ந்து கேட்போமா என்பதில் இருக்கிறது. அனுப்பும் தைரியம் வேண்டும். மாறி வந்ததை ஏற்கும் தைரியம் அதைவிட அதிகமாக வேண்டும்.

கடைசியாக ஒன்று. ரோட்டரி போன்ற அமைப்புகளில் இது இருவழிப் பாதை. ஒரு பிள்ளையை அனுப்பும் ஊர், பொதுவாக ஒரு பிள்ளையை ஏற்கவும் வேண்டும். நம் பிள்ளைக்கு அந்நிய நாட்டில் ஒரு நல்ல தாய் அமைய வேண்டும் என்று விரும்புகிறோம். அந்த நாட்டுத் தாயும் அதே விருப்பத்தோடுதான் தன் பிள்ளையை நம் ஊர்ப்பக்கம் அனுப்புவாள். இட்லியைப் பார்த்து விழிக்கிற, கையால் சாப்பிடத் தெரியாத, சட்டென்று "வேண்டாம்" என்று சொல்லி நம் மனத்தைப் புண்படுத்துகிற ஒரு பிள்ளை நம் வீட்டு வாசலில் வந்து நின்றால், நாம் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுப்போமா?

ஐம்பது ஆண்டு நிறைவைக் கொண்டாடுகிறோம். மேடை போட்டோம், தோரணம் கட்டினோம், மலர் வெளியிடுகிறோம். அவையெல்லாம் வேண்டியவையே. 1983-இல், முதல் ஜெர்மானியர் அமெரிக்காவில் குடியேறிய முந்நூறாம் ஆண்டு நினைவாக, அமெரிக்கக் காங்கிரசும் மேற்கு ஜெர்மனியின் பாராளுமன்றமும் சேர்ந்து ஒரு மாணவர் பரிமாற்றத் திட்டத்தைத் தொடங்கின. விழாவை நினைவுகூர அவர்கள் கண்ட வழி, ஒருவர் பிள்ளையை ஒருவர் வீட்டில் வளர்ப்பது. நம் பொன்விழாவின் நினைவாகவும் நம் பங்கில் நான்கைந்து வீடுகள் அப்படித் திறந்தால், அவ்வீடுகளின் பெயர்களை விழாக் குழுவினர் மிகுந்த மகிழ்ச்சியோடு எழுதிக்கொள்வார்கள். முதற்பெயர் ஏற்கெனவே வந்துவிட்டது. தாழ்ந்த குரலில் கேள்வி கேட்ட அந்தத் தாயே, நேற்று மாலை வந்து, "எம் பொண்ணு போறதோ இல்லையோ, வர்ற பிள்ளைக்கு எங்க வீட்ல இடம் உண்டு சாமி" என்று சொல்லிச் சென்றார்.